பெல்டன் வீட்டு மனு

"உங்க பேரு?"

"கையில வச்சிருக்கற காகிதத்துலயே இருக்குமே."

"இருக்கு. கேட்டுட்டுத்தான் படிக்கணுமாம்."

"லொவீனா ஸ்டோடார்ட்."

"ஹார்ட்வெல் ஊரில் தற்சமயம் தங்கியிருக்கும் லொவீனா ஸ்டோடார்ட் என்பவர் இந்த ஊரை விட்டு உடனே வெளியேற வேண்டும் என்று..." அவர் படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கன்னத்துல மாவு ஒட்டியிருக்கு."

"அதுவும் காகிதத்துல இருக்கா?"

"இல்ல. அது நானா சொன்னது."

1797 நவம்பரில், வெர்மான்ட் மாநிலத்தில், தேவாலய மூப்பரான டீக்கன் டட்டில் வீட்டுச் சமையலறை வாசலில், ஜாபெஸ் பெல்டனும் நானும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அவருக்கு இருபத்து மூன்று வயது. ஊருக்குக் கான்ஸ்டபிளாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குப் பத்தொன்பது. டீக்கன் மனைவிக்குக் கம்பளி நூல் நூற்றுக் கொடுக்கக் கனெக்டிகட்டிலிருந்து வந்திருந்தேன்.

இந்தப் பேச்சு எங்கள் மாவட்டம் முழுக்கத் தெரியும். ஊர்க்கூட்டத்திலும் பாலம் திறப்பிலும் எங்கள் மகள் அல்மைராவின் கல்யாணத்திலும் ஜாபெஸ் இதைச் சொல்லியிருக்கிறார். "ஊரை விட்டுத் துரத்தச் சொல்லி என்னை அனுப்பினாங்க. நான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்று முடிப்பார். கேட்டவர்களே மறுபடி கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்கும்போது தலையைக் குனிந்துகொண்டால் வெட்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

அந்தக் காகிதத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. வாசலில் நின்றதும் இரண்டு பெண்கள். எனக்குப் பின்னால் என் அக்கா ஹிட்டி, கம்பளி சீவும் பலகையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். மெஹிடபிள் ஸ்டோடார்ட் என்று அவளுடைய முழுப்பெயரையும் படித்தார் ஜாபெஸ். அவள் கன்னத்தில் மாவு இல்லை. அதனால்தானோ என்னவோ, கதையிலும் அவள் இல்லை.

எங்கள் ஊரில் அப்போது யார் புதிதாகக் குடிவந்தாலும் அந்தக் காகிதம் போகும். பின்னாளில் அவர்கள் நொடித்துப்போனால் சோறு போடும் பொறுப்பு ஊர் தலையில் விழக்கூடாது என்பதற்காக, "உன்னைப் போகச் சொல்லியாயிற்று" என்று புத்தகத்தில் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வார்கள். டாக்டருக்குப் போனது. கொல்லருக்குப் போனது. பள்ளிக்கூடத்து வாத்தியார் அதைப் புகைக்குழாய் பற்றவைக்கச் சுருட்டிக்கொண்டார். யாரும் போகமாட்டார்கள், யாரும் போக வேண்டும் என்று நினைக்கவும் மாட்டார்கள். கான்ஸ்டபிள் படித்து முடித்து, ஒரு குவளை ஆப்பிள் சைடர் குடித்துவிட்டுக் கிளம்புவார். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பிறந்த ஊரில் காகிதத்துக்குப் பின்னால் வண்டி வரும். எனக்கு ஏழு வயதில், பக்கத்து வீட்டு விதவை ஒருத்தியை மடியில் ஒரு பானையோடு மாட்டுவண்டியில் ஏற்றி, ஊர் எல்லைக் கல்லுக்கு அந்தப்புறம் இறக்கிவிட்டு வந்தார்கள். ஹிட்டிக்கு அப்போது பதினான்கு. வண்டிக்குப் பின்னால் எல்லைவரை நடந்து போய், அந்த அம்மாள் மறந்து வைத்த சால்வையைக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். அம்மா செத்த பிறகு என்னை வளர்த்ததும் அவள்தான்.

காகிதம் வந்த மூன்றாம் நாள் ஜாபெஸ் ஒரு பை நிறையப் பட்டர்நட் கொட்டையோடு வந்து நின்றார். மறுவாரம் அதை உடைக்கச் சுத்தியல் கொண்டுவந்தார். அதற்கடுத்த வாரம் சுத்தியலைத் திரும்ப வாங்கிப்போக வந்தார்.

"போன்னு சொன்ன கைதானே இது? இப்ப கொட்டை கொடுக்குதா?" என்றாள் ஹிட்டி.

"அவர் என்னக்கா பண்ணுவாரு, அவர் வேலை அது."

"வேலைன்னா சரி. நீ தின்னு." அவள் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை.

டிசம்பரில் பனி இறுகியதும், நியூயார்க் மாநிலத்தில் பிளாக் ரிவர் பக்கம் குடியேறப் போகிற ஒரு குடும்பத்தின் சறுக்குவண்டியில் இடம் கேட்டு வாங்கிவிட்டாள். டீக்கன் வீட்டில் நூற்க வேண்டிய கடைசி நூல் சிட்டத்தையும் முடித்துக் கொடுத்திருந்தாள். இரண்டு பேருக்கும் இடம் கேட்டிருந்தாள். நான் போகவில்லை. ஜாபெஸைப் பற்றிச் சொன்னேன். அவள் என் தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்து, சரியாகக் கட்டிவிட்டு, வண்டியில் ஏறிக்கொண்டாள்.

மறுநாள்தான் ஜாபெஸுக்கு விஷயம் தெரிந்தது. "ஏன் திடீர்னு கிளம்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"நீங்கதானே போகச் சொன்னீங்க?" என்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் டீக்கன் மனைவி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "அந்தக் காகிதத்தை நம்பிட்டாளோ என்னவோ, பைத்தியக்காரப் பொண்ணு! அது சும்மா புத்தகத்துக்குத்தானே. டாக்டருக்கே கொடுத்தோம்."

ஜாபெஸின் முகம் ஒரு கணம் வெளுத்தது. அதைப் பார்த்துவிட்டு நான், "சேச்சே, அவளுக்கு மேற்குப் பக்கம் போய்ப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை" என்றேன். அவருக்கு நிம்மதியாகிவிட்டது. அந்த ஒரு பொய்யை முப்பத்து நான்கு வருடம் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்று அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

பிப்ரவரியில் கல்யாணம். மார்ச்சில் ஊர்க்கூட்டம். அந்த வருடம் கல்யாணமான ஆண்களையெல்லாம் அவிழ்ந்து திரியும் பன்றிகளைப் பிடிக்கும் அதிகாரியாகத் தேர்ந்தெடுப்பது எங்கள் பக்கத்து வேடிக்கை. மாட்டேன் என்று சொல்ல முடியாது. டீக்கன் டட்டில் எழுந்து, "நம்ம கான்ஸ்டபிள் ஒரு பொண்ணையே ஊரை விட்டுத் துரத்தத் தெரியாதவரு. பன்றியையாவது பிடிக்கறாரா பார்ப்போம்" என்றாராம். கூட்டம் மேசையைத் தட்டியது. பதிலுக்கு ஜாபெஸ் எழுந்து, வாசலில் நடந்ததை முதல் தடவையாகச் சொன்னார். நான்கு வருடம் கழித்துச் சட்டசபைக்கு ஆள் அனுப்ப வேண்டி வந்தபோது, "அந்தக் கதை சொன்னவனை அனுப்புங்கப்பா" என்று ஒருவர் கத்த, அனுப்பிவிட்டார்கள். கதையால் பதவி வந்தது என்று அவரே சொல்வார். பதவி வந்த பிறகு அந்தக் கதையில் ஒருத்தியைச் சேர்ப்பது எப்படி?

அந்தக் காலத்தில் வெர்மான்ட் சட்டசபைக்கு நிலையான இடம் கிடையாது. ஒரு வருடம் மலைக்கு இந்தப் பக்கம், ஒரு வருடம் அந்தப் பக்கம் என்று மூட்டை கட்டிக்கொண்டு அலையும். அக்டோபர் வந்தால் ஜாபெஸ் குதிரை ஏறிவிடுவார். உருளைக்கிழங்கு தோண்டுவதும் ஆப்பிள் பிழிவதும் பன்றி அறுப்பதும் அக்டோபரில்தான் என்பது சட்டம் செய்கிறவர்களுக்கு எப்படியோ தெரியாமல் போயிற்று. எங்கள் ஆரின் பிறந்ததும் ஓர் அக்டோபரில்தான். அப்பா வந்து பார்த்தபோது அவனுக்கு ஐந்து வாரம். "இவர் எந்த ஊர்ப் பிரதிநிதி?" என்று கேட்டுக்கொண்டே தொட்டிலிலிருந்து எடுத்தார்.

ஒரே ஒரு வருடம் தோற்றுப்போனார். வெளிநாட்டு வணிகத் தடை விஷயத்தில் ஊர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். அந்த அக்டோபர் முழுக்க வீட்டில் இருந்தார். ஆப்பிள் கூழ் கிண்டும்போது பக்கத்தில் நின்று, "தீ கொஞ்சம் அதிகம்னு சபை கருதுது" என்பார். "சபை போய் விறகு பிளக்கட்டும்" என்பேன். அடுத்த செப்டம்பரில் அவர் ஜெயிக்க வேண்டும் என்று மிகவும் வேண்டிக்கொண்டவள் நான்தான்.

அவர் பெரிய பேச்சாளர் இல்லை. மனு படிக்கிறவர். எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பாலம் வேண்டும், ரோடு வேண்டும், ஓடிப்போன புருஷனிடமிருந்து விடுதலை வேண்டும், பெயரை மாற்ற வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு அடுப்படி மேசையில் உட்கார்ந்து அவரே எழுதிக் கொடுப்பார். "வெட்கப்படாம சொல்லுங்க. கேக்காததை யாரும் கொடுக்க முடியாது" என்பார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருப்பேன்.

ஒவ்வோர் அக்டோபரும் சேணம் கட்டி முடித்த பிறகு தொப்பியைக் கழற்றி, ரொம்ப மரியாதையாகக் கேட்பார்:

"பெல்டன் வீட்டு மனு ஏதாவது உண்டா, அம்மணி?"

"ஒரு பொட்டலம் குண்டூசி."

"சபை பரிசீலிக்கும்."

நவம்பரில் குண்டூசி வந்துவிடும். மகள் கல்யாணத்துக்குக் கொடுத்தேன், அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன், இன்னமும் ஒரு இழுப்பறை நிறைய இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறொன்றைக் கேட்கத்தான் வாய் திறப்பேன். குண்டூசி வந்து விழும்.

கல்யாணமாகி ஒரு வருடத்தில் ஹிட்டிக்கு எழுதினேன். அது வெறும் புத்தகத்துக்கு எழுதும் வரிதான், எல்லோருக்கும் கொடுப்பார்கள், வந்துவிடு என்று. அவள் பதில் ஆறு மாதம் கழித்து வந்தது. அங்கே ஒரு மரம் அறுக்கிறவரைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். நல்ல மனுஷர் என்று எழுதியிருந்தாள். கடைசியில் இரண்டு வரி: "புத்தகத்தில் மை காய்ந்துதானே கிடக்கிறது, லொவி? என்னைப் போகச் சொன்ன ஊர் வரச் சொல்லட்டும், வருகிறேன்."

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ கடிதங்கள். குழந்தைகள், பசு, பனி, யாருக்குக் காய்ச்சல். அந்த விஷயத்தை அவள் மறுபடி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஜாபெஸ், "அக்காவை ஒரு தடவை வரச் சொல்லேன்" என்பார். "தூரம்" என்பேன்.

1817-இல் ஒருநாள் குதிரையைக் கட்டக்கூடச் செய்யாமல் உள்ளே ஓடிவந்தார். "அந்தச் சட்டத்தை எடுத்தாச்சு, லொவீனா! புதுசா வர்றவங்களுக்கு இனிமே காகிதம் கிடையாது. கையைத் தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன்." என் இடுப்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். "பாவம், இனிமே எந்தக் கான்ஸ்டபிளுக்கும் என் அதிர்ஷ்டம் வாய்க்காது." அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். பழைய புத்தகங்களில் எழுதியது எழுதியதுதானே என்று மட்டும் கேட்டேன். "ஆமா, அதை யாரு போய்ப் பார்க்கப் போறா?" என்று சொல்லிவிட்டுக் குதிரையைக் கட்டப் போனார்.

வருடங்கள் போயின. தலைநகர் எப்போதோ ஓரிடத்தில் நிலைத்துவிட்டிருந்தது. ஜாபெஸுக்கு முட்டி வலி வந்தது. சட்டசபைக்கு இனிமேல் இளையவர்கள் போகட்டும் என்று சென்ற அக்டோபரோடு நிறுத்திக்கொண்டார். கடைசியாகக் கொண்டுவந்த குண்டூசிப் பொட்டலத்துக்கு ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தது.

ஜனவரியில் ஹிட்டியின் கடிதம் வந்தது. அவள் கணவர் இலையுதிர்காலத்தில் இறந்துவிட்டார். மகன்கள் நிலத்தை விற்றுவிட்டு மிச்சிகன் போகிறார்கள். மே மாதம் பனி உருகிக் கால்வாய் திறந்ததும் படகு. "எனக்கு அறுபது ஆகிவிட்டது, அங்கிருந்து இனி எங்கேயும் வர முடியாது. நேற்று உன் தலைத்துணி கனவில் வந்தது, முடிச்சு அவிழ்ந்தே கிடந்தது. வேறுவிதமாக இருந்திருந்தால் உன் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பளி சீவிக்கொண்டிருப்பேன்."

ஏன் வரவில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஊர் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் ஊர்க்கூட்டத்தில்தான் சொல்ல முடியும்; அது மார்ச்சில் ஒரு தடவைதான் கூடும். அதற்கடுத்த மார்ச்சில் அவள் மிச்சிகனில் இருப்பாள்.

கடிதத்தைக் குண்டூசி இழுப்பறையில் வைத்தேன். ஐந்து வாரம் வைத்திருந்தேன்.

பிப்ரவரி கடைசி வாரம். வெயில் அடித்து, கூரை விளிம்பில் பனி சொட்ட ஆரம்பித்திருந்தது. மேப்பிள் சாறு இறங்க இன்னும் பத்து நாள்தான் என்று ஆரின் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். ஜாபெஸ் அடுப்படி மேசையில் ஊர்க்கூட்ட அறிவிப்பை எழுதிக்கொண்டிருந்தார். இந்தக் கூட்டத்துக்கு அவர் தலைவர். அதுவும் கடைசி முறை என்று ஊருக்குத் தெரியும். ஊர் நிர்வாகிகள் மூவரும் அவர் எழுதியதில் கையெழுத்துப் போடுவார்கள். மாலையில் அதைத் தேவாலயக் கதவில் ஆணியடித்துவிட்டால், அதற்கப்புறம் ஒரு வரியும் சேர்க்க முடியாது.

"கேளு" என்று உரக்கப் படித்தார். "பன்றிகளைக் கோடையில் அவிழ்த்துவிட ஊர் சம்மதிக்கிறதா என்று பார்க்க. நாலாவது பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்ற ஊர் சம்மதிக்கிறதா என்று பார்க்க. ஆலைப் பாலத்துக்குப் பலகை மாற்ற ஊர் சம்மதிக்கிறதா என்று பார்க்க. இந்தப் பாலம் இருக்கே, எனக்கு முன்னாடி அது போகுமா, அதுக்கு முன்னாடி நான் போவேனான்னு தெரியல."

"பாலம்தான் போகும். உங்களுக்கு முட்டி மட்டும்தான் வலி, அதுக்கு மூணு தூணும் வலி."

அவர் சிரித்தார். பேனாவைத் துடைத்தார். "கடைசிக் கூட்டம். நம்ம கதையைச் சொல்லட்டுமா? இளசுங்க கேட்டதில்லை."

"கேக்காதவங்க யாரு? ஆலைக்காரன் வீட்டு நாய்க்குட்டிகூடக் கேட்டிருக்கு."

"அதுக்குப் பிடிச்சிருக்கும்." என்னைப் பார்த்தார். "என்ன, வேண்டாங்கறியா?"

நான் அடுப்பிலிருந்து கெட்டிலை இறக்கி வைத்தேன். "சொல்லுங்க. ஆனா ஒரு ஆளை விட்டுட்டுச் சொல்றீங்க."

"யாரை? டீக்கனையா? அவரைச் சேர்த்துத்தானே..."

"வாசல்ல நாங்க ரெண்டு பேரு நின்னோம், ஜாபெஸ்."

அவர் புருவத்தைச் சுருக்கினார். "ஆமா. உங்க அக்கா. பின்னாடி நின்னாங்க. கையில என்னமோ..."

"கம்பளி சீவற பலகை."

"அதேதான்." அவர் சிரிப்பு முழுக்க வரவில்லை. "அவங்க மேற்கே போகணும்னு ஆசைப்பட்டாங்க இல்ல?"

 இழுப்பறையைத் திறந்து, குண்டூசிப் பொட்டலங்களை ஒதுக்கி, ஹிட்டியின் கடிதத்தை எடுத்தேன். அதற்கடியில் இருந்த முதல் கடிதத்தையும் எடுத்தேன். இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். புதியதை ஒரு தடவை. பழையதை, கடைசி இரண்டு வரியில் விரலை வைத்து, இரண்டு தடவை.

அன்றைக்கு டீக்கன் வீட்டில் ஒரு கணம் பார்த்த அதே வெளுப்பு, அறுபதை நெருங்கும் அந்த முகத்தில் மறுபடி வந்தது. இந்த முறை நான் அதை அழிக்க ஒன்றும் சொல்லவில்லை.

"நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே" என்றார். "இது சும்மா எழுதறதுன்னு. ஒரே ஒரு வார்த்தை. அதை விட்டுட்டு மாவைப் பத்திச் சொன்னேன்."

"மாவைப் பத்திச் சொன்னது எனக்குப் பிடிச்சிருந்தது. அதனாலதான் நானும் வாயைத் திறக்கல."

"முப்பத்து நாலு வருஷமா, லொவீனா? ஊரெல்லாம் வந்து என்கிட்ட கேட்டுட்டுப் போச்சு. நீ குண்டூசி கேட்டே."

"ஊர்ல எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க அவ்வளவு சந்தோஷமாச் சொல்வீங்க. எப்படிக் கேக்கறது?"

அவர் கடிதத்தை மடித்து, மடித்ததைத் தடவிச் சரிசெய்தார். ரொம்ப நேரம் அதையே செய்துகொண்டிருந்தார். பிறகு எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். வைத்ததைக் கழற்றினார். குதிரை இல்லை, சேணம் இல்லை, மாதமும் அக்டோபர் இல்லை.

"பெல்டன் வீட்டு மனு ஏதாவது உண்டா, அம்மணி?"

"உண்டு. உட்காருங்க. எழுதிக்குங்க."

உட்கார்ந்தார். பேனாவை மையில் தோய்த்தார். ஆலைப் பாலத்துக்குக் கீழே இரண்டு விரல்கடை இடம் இருந்தது. நான் கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். எத்தனையோ வருடமாக மற்றவர்களுக்காக அவர் படிக்க நான் கேட்ட அதே நடையில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்:

"ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று ஏழாம் வருடம், கான்ஸ்டபிள் ஜாபெஸ் பெல்டன் வாயால் ஊரை விட்டுப் போகச் சொல்லப்பட்ட மெஹிடபிள் ஸ்டோடார்ட்டின் பெயரைப் புத்தகத்திலிருந்து அடித்துவிட்டு, திரும்பி வந்து எங்களோடு இருக்கும்படி அவரை அழைக்க, ஊர் சம்மதிக்கிறதா என்று பார்க்க."